மூஞ்சூறுக்குப் பேர் வைக்கப் போனவர்

மனிதர்களில் 'கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்' என்றோர் இனம் உண்டு. கொம்பு கிடையாது, வால் கிடையாது. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும்; ஒட்டிய உறையைப் பிரித்து, உள்ளே வைத்த காகிதம் உள்ளேதான் இருக்கிறதா என்று பார்க்கும்; கல்யாணப் பத்திரிகையில் ஒரு திருத்தம் என்று அச்சகத்துக்கு ஓடும், கல்யாணம் முடிந்த மறுவாரம். கேட்டால், "அவசரம் எனக்குப் பிடிக்காதுங்க" என்று பெருமையாகச் சொல்லும்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமா? ஓர் அருங்காட்சியகத்தின் மாடியில், சிறு பிராணிகள் பிரிவுக்கு வாருங்கள். ஜாடிகளுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

அவருக்கு ஒரு மூஞ்சூறு கிடைத்தது. மலையேறி, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, தானே பொறி வைத்துப் பிடித்தது. கட்டைவிரல் நீளம், கரிக்கட்டை நிறம், முகத்தில் பாதி மூக்கு. உலகத்தில் யாரும் இதுவரை பேர் வைக்காத மூஞ்சூறு இது என்பது பார்த்த மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த விஷயத்தில் ஆள் கெட்டிக்காரர், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் பார்த்தவருக்கு ஒன்றும் கிடையாது. யார் முதலில் விவரித்து அச்சில் போடுகிறாரோ அவர் வைத்ததே பேர், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அவர் பேரும் காலாகாலத்துக்கும் நிற்கும். ஓய்வு பெறுவதற்குள் ஓர் உயிருக்காவது பேர் வைத்துவிட வேண்டும் என்பது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கிருந்த ஒரே ஆசை.

மூஞ்சூறை ஸ்பிரிட் ஜாடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பல்லை அளந்தார். அளந்த கருவி சரிதானா என்று கருவியை அளந்தார். மீசை மயிரை வலப்பக்கம் எண்ணி, சந்தேகம் வந்து இடப்பக்கம் எண்ணி, இரண்டும் ஒத்துப்போனதால் இன்னும் சந்தேகப்பட்டார். ஒரு வழியாகக் கட்டுரை முடிந்தது. நிறம் மட்டும் பாக்கி. கறுப்புதான். ஆனால் எந்தக் கறுப்பு? விளக்கடியில் ஒன்றாகவும் வெளியில் ஒன்றாகவும் தெரிகிறதே? நல்ல வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யலாம் என்று ஜாடியை ஜன்னல் திட்டில் வைத்தார்.

பக்கத்து மேஜை அம்மாள் வௌவால்களைக் கவனிப்பவர். புதிதாக ஒன்று வந்தால் விவரிப்பார், பேர் வைப்பார், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

"கறுப்புன்னு போட்டு அனுப்பிடுங்க சார். தப்பா இருந்தா பின்னால யாராவது திருத்திக்கிறாங்க."

இன்னொருவர் திருத்துவதா? திருட்டு நகைக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டதுபோல அவரைப் பார்த்தார் நம்மவர்.

வீட்டில் மனைவி இதற்கெல்லாம் பழகிப்போனவள். பெற்ற மகளுக்குப் பேர் தேடித் தேடி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கும் "நாளைக்குச் சொல்றேனே" என்றவர் அவர். தலைமையாசிரியை பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் பேரையே எழுதிக்கொண்டார். அதனால் மனைவி, அந்த எலி அப்படி என்ன அதிசயம் என்று மட்டும் கேட்டு வைத்தாள். "எலி இல்லை, எலிக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்று சாப்பாட்டை மறந்து விளக்கினார். "இவ்வளவு தெளிவா சொல்றீங்களே, இதையே எழுதி அனுப்ப வேண்டியதுதானே?" என்றாள். அதற்கு அவர் தண்ணீர் குடித்தார்.

இதற்கிடையில் மூஞ்சூறு சும்மா இருக்கவில்லை. ஸ்பிரிட்டில் ஊறும் ரோமம் வெயில் பட்டால் வெளுக்கும் என்பது அந்தத் துறையின் பாலபாடம். அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியுமா? கறுப்பு என்று எழுதத் துணிந்த அன்றைக்குப் பார்த்தால், அது பழுப்பு. பழுப்புக்கு ஒப்புக்கொண்டபோது செம்மண். செம்மண் என்று எழுதி மை காய்வதற்குள் வைக்கோல். ஒவ்வொரு முறையும், நல்லவேளை அவசரப்படவில்லை என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

ஒருநாள் வௌவால் அம்மாள் புதிதாக வந்த ஆய்விதழை அவர் மேஜையில் விரித்து வைத்தார். வேறோர் அருங்காட்சியகத்து இளைஞன் அதே மலையில் அதே மூஞ்சூறைப் பிடித்து, விவரித்து, பேரும் வைத்துவிட்டான். நம்மவர் நின்றபடியே படித்தார். ஓய்வுக்கு மிஞ்சியிருந்ததோ சில மாதங்கள். கேலி செய்யத்தான் நாம் கிளம்பினோம். ஆனாலும் அந்த நேரத்தில் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுபடி படித்தார். படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார், ஜாடியோடு சேர்த்துப் பிடித்தார்.

"மேடம், இந்தப் படத்துல இருக்கறது என்ன நிறம்?"

"கறுப்பு சார்."

"என்னோடது?"

அம்மாள் ஜாடியைப் பார்த்தார். அதன்மேல் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார். மலையிலிருந்து இறங்கி வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"வைக்கோல் நிறம்தான் சார்."

"அப்போ இது வேற இனம்" என்றார் அவர். புதுத்தாள் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, பல்லிலிருந்து ஆரம்பித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் வருஷக்கணக்காக நீங்கள் செதுக்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றை யாரிடமாவது காட்டி, அவர் எதையோ சொல்ல வாயெடுத்து, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனால், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.