மயில் குஞ்சுக்கு நான் எடுத்த காவடி

நல்லது செய்யப் போகிறவன் முதலில் வேலிப் படலைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். இது தெரியாமல் போனதால், ஆட்டையாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு காலைப்பொழுது முழுக்க நான் தெய்வமாக இருக்க நேர்ந்தது.

எங்கள் சோளக்காட்டில் அறுப்பு வண்டி ஓடியபோது தாய் மயில் பறந்துபோய்விட்டது. திரும்பி வரவில்லை. ஒரே ஒரு குஞ்சு மட்டும் அறுத்த சோளத்தட்டைகளுக்குள் கிடந்தது. வனத்துறைக்குச் சொன்னோம். வந்து பார்த்த வனக்காப்பாளர், கூண்டோடு வண்டி வரும்வரை அதை எங்கள் பழைய ஆட்டுக் கொட்டகையில் வைத்திருக்கச் சொன்னார்.

"மனுசன் மூஞ்சி தெரியக் கூடாதுங்க. குரலும் கேக்கக் கூடாது. பழகிருச்சுன்னா அப்புறம் காட்டுல உட முடியாது. ஆயுசுக்கும் கூண்டுதான்."

(என் மூஞ்சிக்கு இவ்வளவு முக்கியத்துவம் அதற்குமுன் யாரும் கொடுத்ததில்லை.)

முகத்தை மறைக்க ஒரு துண்டு போதும். ஆனால் எனக்கு அறிவு அதிகம். மாமனார் பழனிக்கு எடுத்த மயில் காவடி பரணில் இருந்தது. அதன் பீலிகளுக்குள் தலையை ஒளித்துக்கொண்டு போனால் குஞ்சு என்னைத் தாயென்றே நினைக்கும் அல்லவா? (தாய் மயிலுக்குத் தோகையே கிடையாது என்பது பிற்பாடுதான் உறைத்தது.)

"ஏனுங்க, சாமி சாமான எடுத்துட்டுப் போயா குஞ்சுக்குத் தீனி போடுவாங்க?" என்றாள் என் மனைவி செல்வி.

"முருகன் வாகனத்துக்குத்தான போடறேன்" என்றேன். அந்தப் பதிலை நானே மெச்சிக்கொண்டேன்.

காவடி தோளில், கரையான் தட்டு கையில். "கொக், கொக்" என்று குனிந்து தீனி காட்டிக்கொண்டிருந்தேன். படல் திறந்து கிடந்தது. பால் ஊற்றப் போய்க்கொண்டிருந்த பக்கத்துக் காட்டுப் பாப்பாத்தி அக்கா என்னைப் பார்த்துவிட்டார். பால் போசியைக் கீழே வைத்தார். ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து வந்து என் காலில் ஊற்றி, விழுந்து கும்பிட்டார். காவடி வந்தால் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்மேல் குற்றமில்லை.

'அக்கா, நான்தான்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குஞ்சு மனிதக் குரலைக் கேட்டுவிடும். எனவே "கொக்" என்றேன்.

"சாமி எறங்கிருச்சுங்கோ!" என்று அக்கா போட்ட சத்தத்தில் பாதித் தெரு வந்துவிட்டது. யாரோ பம்பைக்காரரையும் கூட்டிவந்தார்கள். பம்பை முழங்கியதும் குஞ்சு மூலையில் ஒடுங்கி நடுங்கியது. செத்துப்போய்விடுமோ என்ற பயத்தில் நானும் நடுங்கினேன். அதையும் அருள் என்றார்கள்.

"சாமி, எங்க காட்டுல எந்த மூலையில போர் போட்டாத் தண்ணி வருமுங்க?" என்று அக்கா கேட்டார்.

எல்லோரும் வெளியே போங்கள் என்று படலைப் பார்த்துக் கையை வீசினேன்.

"வடகெழக்கு மூலைங்கோ!" என்று கூட்டம் சந்தோஷமாக அந்தப் பக்கம் கிளம்பிப் போனது. பிறகு அங்கே ரிக் வண்டி வந்தது. தண்ணீரும் வந்து தொலைத்தது.

வனக்காப்பாளர் கூண்டோடு வந்தபோது, ஆளைக் கண்டதுமே குஞ்சு அலறிக்கொண்டு ஓடியது. "மனுசனுக்கு இப்படிப் பயப்படற குஞ்ச நான் பாத்ததே இல்லீங்க. என்னங்க பண்ணுனீங்க?" என்று பாராட்டினார்.

அது வளர்ந்ததும் கரட்டு அடிவாரத்தில் திறந்துவிட்டார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கூண்டிலிருந்து விருட்டென்று எழும்பிப் புதருக்கு அப்பால் போய்விட்டது. என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அதற்காகத்தான் அத்தனை பாடும் பட்டேன். ஆனாலும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"உடுங்க" என்றாள் செல்வி. "அதுக்கு மட்டுந்தான் உங்களத் தெரியாது. ஊருக்கே தெரியுமில்லீங்க."

இன்றைக்கும் வீட்டுச் சண்டையில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், என் மகள் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறாள்: "அம்மா, அப்பாவுக்கு எறங்கிருச்சு. கொடத்த எடுத்துட்டு வாங்க!"