பாதாம் மரத்தடியில் ஒரு ஃபாரின்

திட்டினால் மரம் வேண்டுமென்றே இன்னும் நாலு இலையைப் போடுகிறது என்று ராஜாங்கத்துக்குச் சந்தேகம். அதனால் வாயை மூடிக்கொண்டு பெருக்கிப் பார்த்தார். அப்போதும் போட்டது. மாசி பிறந்தால் பாதாம் மரத்துக்கு இதே வேலை. பாதி இலை மரத்தில், பாதி தரையில், எல்லாம் அப்பள அகலத்துக்குச் சிவந்து கிடந்தன.

பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்த கெஸ்ட் ஹவுஸ் அது. ராஜாங்கம்தான் வாட்ச்மேன், தோட்டக்காரர், எல்லாம். போன வாரம் தங்கிய யாரோ 'வாசலெல்லாம் குப்பை' என்று நெட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். சென்னையில் இருக்கும் முதலாளி சீனுவாசன் போனில் நிதானமாகத்தான் பேசினார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வேறு வேலை என்றால் மச்சான் படகுதான். மீனவர் குடும்பத்தில் பிறந்தும், படகு அலையைத் தாண்டியதுமே குடலைப் புரட்டி வாந்தி எடுக்கிற ஆள் அந்த ஊரில் ராஜாங்கம் ஒருவர்தான். மச்சான் ஒரே ஒரு நாள் கூட்டிப்போனான். மீனுக்குத் தீனி போட வந்தவர் என்று கரையில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சனிக்கிழமை புதிதாக ஒரு கூட்டம் வருகிறது. அதற்குள் வாசல் பளிச்சென்று இருக்க வேண்டும்.

முதலில் குவித்துக் கொளுத்தினார். கடல்காற்று புகையை அப்படியே அள்ளிக்கொண்டுபோய், எதிர்வீட்டு அம்சவள்ளி காயப்போட்டிருந்த நெத்திலி மேல் இறக்கியது. அவள் முறத்தோடு வந்து நின்றாள்.

"ஏண்ணே, என் கருவாட்டுக்குச் சாம்பிராணி போடச் சொல்லி நான் எப்பண்ணே கேட்டேன்?"

நெருப்பை அணைத்தார். மிச்சத்தை மூட்டை கட்டி ஊராட்சிக் குப்பை வண்டியை நிறுத்தினார். இலைதழையெல்லாம் ஏற்ற மாட்டோம், குழி தோண்டிப் புதையுங்கள் என்றார்கள். தோண்டினார். மண்வெட்டி தண்ணீர்க் குழாயில் இறங்கி, வாசல் நாற்றங்கால் ஆகிவிட்டது. பிளம்பர் வந்து சேர்கிறவரை, மிதந்த இலைகளைப் பழைய வலையால் அரித்துக்கொண்டிருந்தார். குடும்பத் தொழிலை ஒருவழியாகக் கற்றுக்கொண்டாரே என்று மனைவி தனம் மெச்சினாள்.

கடைசியில் அம்சவள்ளியே வழி சொன்னாள். வீணாய்ப்போன நெத்திலிக்கு ஈடாக இலை மொத்தத்தையும் தன்னிடம் கொடுத்துவிட்டால் போதும், அடுப்புக்கு ஆகும். ராஜாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. இனி ஒன்றுகூட விழக்கூடாதென்று மரத்தையும் கழியால் அடித்து மொட்டையாக்கி, எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினார்.

வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு துரும்பு இல்லை. போன் அடித்தது.

"ராஜாங்கம், நாளைக்கு வர்றது திண்டிவனத்துப் பார்ட்டி. கல்யாணத்துக்கு முன்னாடி போட்டோ எடுப்பாங்களே, அதுக்கு. வாசல் பூரா செவப்பு இலை கொட்டிக் கிடக்கணுமாம், ஃபாரின் மாதிரி. நம்ம மரம்தான் இருக்கேன்னு சரின்னுட்டேன். ஒண்ணையும் பெருக்கிடாதப்பா."

ராஜாங்கத்துக்குத் தரையே படகு மாதிரி ஆடியது.

எதிர்வீட்டுக்கு ஓடினார். பாதி இலை அடுப்பில் போய்விட்டது. மீதியைத் தரையில் பரப்பி, அதன்மேல் புதுக் கருவாட்டைக் காயப்போட்டிருந்தாள் அம்சவள்ளி. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் ஆம்பிளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். இந்த மாதம் முழுக்க அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டாள். இலைகள் வந்தன. நெத்திலி வாசனையும் கூடவே வந்தது.

தனம் ஒவ்வொன்றாக ஷாம்பூவில் அலசிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள்.

"யோவ், உன் சட்டையகூட நான் இப்படித் தொவைச்சதில்ல. இந்த வேலை போச்சுன்னா வாந்தி எடுத்துக்கினாவது படகுக்குப் போ. இன்னொரு தபா இலை தொவைக்க என்னால ஆகாது."

அப்படியும் வாசலில் ஒரு மூலைதான் நிறைந்தது. சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானம், ரேஷன் கடை வாசல் என்று பாதாம் மரம் நிற்கும் இடமெல்லாம் போய் அள்ளினார். பள்ளிக்கூடத்து ஆயா இவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, நாளைக்கும் வரச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் வாசல் நிறைந்தது. குப்புறக் கிடந்த இலைகளையெல்லாம் குனிந்து குனிந்து, சிவப்புப் பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வைத்தார்.

மறுநாள் காலை சீனுவாசனே காரில் வந்து இறங்கினார். வாசலைப் பார்த்தார். ராஜாங்கத்தின் தோளைத் தட்டினார்.

"இதுக்குத்தான்யா உன்ன வச்சிருக்கேன்."

மச்சானின் படகு கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டது போலிருந்தது ராஜாங்கத்துக்கு.

பின்னாலேயே விழுப்புரம் போட்டோகிராபரின் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையும் பெண்ணும் இறங்கினார்கள். கடைசியாக, ஜோடனை வேலை பார்க்கும் புனிதா உப்பிப்போன மூன்று மூட்டைகளை இழுத்து இறக்கிவிட்டு, வாசலைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"அண்ணே, இந்தக் குப்பைய ஜல்தியா பெருக்கிடுங்க, நாங்க கொண்டாந்த பிளாஸ்டிக் இலையக் கொட்டணும்."