சபையில வச்ச ரம்பம்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தங்கச்சி வசந்தா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். சீரை வண்டியில ஏத்திக்கிட்டு, கறம்பக்குடிக்குப் பக்கத்துல இருக்குற அவ ஊருல கொண்டு போய் எறக்கணும். அம்புட்டுதான்.

அதைக்கூட உருப்படியாச் செய்யத் தெரியாதவன்தான் இப்ப ஒங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. என்னைத் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அந்தக் காலத்துல கரண்டு இல்லாம, காலால மிதிச்சு மரம் அறுத்த ரம்ப மெஷின்களைத் தேடித் தேடி வாங்குவேன். ஒக்காந்து பெடலை மிதிச்சா சக்கரம் சுத்தும். மேல சன்னமா ஒரு பிளேடு ஏறி எறங்கும். பலகையில பூவு, கொடி, மயிலுன்னு என்ன வேணாலும் வெட்டலாம். பழைய இரும்புக் கடையில துருப்பிடிச்சுக் கெடக்குறதைத் தூக்கிட்டு வந்து, சுரண்டி, எண்ணெய் போட்டு ஓட வைப்பேன்.

தூரத்துல இருந்து பாத்தா அச்சு அசல் தையல் மெஷின் மாதிரியே இருக்கும். இதை மனசுல வச்சுக்கங்க, எனக்குத்தான் அன்னைக்கு அது மறந்து போச்சு.

என் வீட்டுக்காரி செல்வி இதுக்கெல்லாம் வச்சிருக்குற பேரு குப்பை. அவளைச் சொல்லிக் குத்தமில்ல. துணி மடிக்க எடமில்லாத வீட்டுல நான் ரம்பம் வளக்குறேன்.

கடைசியா வாங்குனது மட்டும் என் உசுரு. ஆறு மாசம் அதோட மல்லுக்கட்டியிருக்கேன். பச்சைப் பெயிண்ட் அடிச்சு, ஓரமெல்லாம் தங்கக் கலர்ல கோடு போட்டேன். சக்கரம் மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சுன்னு ஆலங்குடியில ஒரு லேத் பட்டறையில விட்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறைக்காரர் போன் பண்ணி, வேலை முடிஞ்சிருச்சு, காலையில வந்து எடுத்துக்கங்கன்னாரு.

எப்படியும் குட்டியானை வண்டி பேசியாச்சு. ஆலங்குடி வழியாத்தான் போகணும். போற வழிதானேன்னு நெனச்சேன். என் வாழ்க்கையில நான் கெட்டதெல்லாம் இந்தப் போற வழியிலதான்.

வண்டியில சீர்த்தட்டு, பித்தளை அண்டா, விருந்துக்கு ஒரு கிடா. கிடா கொம்பால ஒரசிப் பெயிண்டை எடுத்துருமேன்னு, சீருக்கு வாங்குன புது ஜமுக்காளத்தைப் பிரிச்சு மெஷினைப் போத்தி விட்டேன். டிரைவர்கிட்ட, இதை மட்டும் எறக்கிராதீங்க தம்பின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவரும் தலையைத் தலையை ஆட்டுனாரு.

ஊரு எல்லையில பிள்ளையார் கோயில். மேளக்காரங்க ரெடி. வண்டி நின்னதும் என்னை இழுத்துக்கிட்டுப் போய் மாலை போட்டு, தலைப்பா கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாரு.

தலைப்பா கட்டி முடிச்சுத் திரும்பிப் பாத்தா, ஜமுக்காளம் பாதி வெலகுன என் மெஷின் நாலு பேரு தோள்ல போகுது. சந்தனம் வச்சாச்சு, குங்குமம் வச்சாச்சு. எனக்குப் போட்ட மாலையை விட அதுக்குப் போட்ட மாலை பெருசு.

செல்வி பக்கத்துலதான் நின்னா. பாத்தா. பாத்துட்டு, தலையில இருந்த பூவைச் சரி பண்ணிக்கிட்டா.

ஐயா, அது சீரு இல்லைங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேன். மேளச் சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? மாமன் குஷியாயிட்டாருன்னு நெனச்சு இன்னும் ரெண்டு தட்டு சேத்துத் தட்டுனாங்க. பெரியவர் ஒருத்தர் என் கையைப் புடிச்சு ஆட வேற சொன்னாரு.

மண்டபத்துல மெஷினை நட்ட நடுவுல வச்சாங்க. மைக் புடிச்சவர், தாய்மாமன் சீர் புத்தம் புது தையல் மெஷின்னு ரெண்டு தடவை சொன்னாரு. சபையே திரும்பிப் பாத்துச்சு.

சரி, இப்பச் சொல்லிருவோம்னு வாயைத் தொறக்குறேன், வசந்தா ஓடி வந்து கையைப் புடிச்சுக்கிட்டா. கண்ணெல்லாம் தண்ணி.

"அண்ணே, சொல்லவே இல்லையே நீ! நாங்க புது வீடு குடிபோனப்ப நீங்க வெறுந்தட்டோட வந்தீங்கன்னு எங்க மாமியார் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாக. இனிமே அவுக வாயைத் தொறப்பாகளா?"

ஒரே வயித்துல கூடப் பொறந்தவ இத்தனை வருசமா இதைச் சொமந்துக்கிட்டு இருந்திருக்கா, நான் துருச் சொரண்டிக்கிட்டு இருந்திருக்கேன். மெஷின் எனக்கு வேணும். ஆனா இவ மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்புடித் திருப்பிக் கேக்குறது?

அதுக்குள்ள அவ மாமியார் ஜமுக்காளத்தை முழுசா எடுத்துட்டு, குனிஞ்சு பாத்தாங்க.

"மாப்ளே, இதென்ன ஊசியில பல்லு இருக்கு?"

பொய் சொல்லவும் ஒரு தெறமை வேணுங்க. "அது ரம்பம் அத்தை"ன்னு ஒளறிட்டேன்.

காது குத்தத் தாய்மாமன் மடியிலதான் ஒக்கார வைப்பாங்க, அப்ப என் மடியில ஒக்காந்திருந்தது யாரு? காது குத்திக்கப் போற மருமகன். நாலு வயசு. என்னைப் பாத்தான், ரம்பத்தைப் பாத்தான், தன்னோட காதைத் தொட்டுப் பாத்தான்.

மடியில இருந்து குதிச்சவன் மண்டபத்து வாசல்ல நின்ன குட்டியானைக்குள்ள ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டான். மாமா காதை அறுக்க மெஷின் கொண்டாந்திருக்குன்னு உள்ளயிருந்து ஊரைக் கூட்டுறான். காது குத்துற ஆசாரி கடிகாரத்தைப் பாக்குறாரு. நல்ல நேரம் முடியப் போகுது. வசந்தா மூஞ்சி செத்துப் போச்சு.

வேற வழியில்ல. பழம் வந்த பெட்டியில ஒரு பலகையைப் பிச்சேன். தலைப்பா, மாலை, பட்டு வேட்டியோட மெஷின்ல ஒக்காந்து மிதிச்சேன். இது மரத்தைத்தான்டா அறுக்கும்னு கத்திக்கிட்டே, அவனுக்குப் புடிச்ச பஸ்ஸு ஒண்ணு வெட்டுனேன். சக்கரம் என்னமா ஓடுச்சுங்கிறீங்க! பட்டறைக்காரர் கைக்குத் தங்க வளையலே போடலாம். அந்த நேரத்துலயும் எனக்கு அதுதான் தோணுச்சு.

பையன் கண்ணாடி வழியா எட்டிப் பாத்தான். கதவு தொறந்துச்சு. பஸ்ஸைக் கையில வாங்கிக்கிட்டு மடியில ஒக்காந்தான். பஸ்ஸை ஓட்டிக்கிட்டே ரெண்டு காதையும் குத்திக்கிட்டான். அழக்கூட இல்ல.

இப்ப எனக்குள்ள ஒரு நப்பாசை. தையல் மெஷின் இல்லேன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. ரம்பத்தை வச்சுக்கிட்டு இவுக என்ன பண்ணப் போறாக? அத்தைகிட்டப் போய் நைசா, இதை எடுத்துக்கிட்டு நல்ல தையல் மெஷினா ஒண்ணு வாங்கிட்டு வாரேன்னு சொன்னேன்.

"சபையில வச்ச சீரு திரும்பிப் போனா வீட்டுக்கு ஆகாது மாப்ளே"ன்னுட்டாங்க. சொல்லிட்டு மெஷின்ல ஒக்காந்து பெடலை ஒரு மிதி மிதிச்சாங்க. அப்புறம் இன்னொரு மிதி. கொஞ்ச நேரம் எந்திரிக்கவே இல்ல.

முட்டி வலிக்கு டாக்டர் தெனமும் காலை ஆட்டச் சொல்லியிருக்காராம். சைக்கிள் மெஷின் வாங்குங்கன்னு சொன்னாராம். அதை விட இது சொகமா இருக்காம். பல்லு மட்டும் வேணாம், கழட்டிருங்கன்னாங்க.

என் கையாலயே பிளேடைக் கழட்டுனேன். அதைப் பேப்பர்ல சுத்திச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வண்டியில ஏறுனேன். புதுக்கோட்டையில எங்க வீடு வர்ற வரைக்கும் அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன். செல்வி பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வந்தா.

நேத்து வசந்தா போன் பண்ணுனா. மாமியார் சாயங்காலம் சீரியல் போட்டுட்டு மெஷின்ல ஒக்காந்தா முடியுற வரைக்கும் மிதிக்கிறாகளாம். முட்டி வலி பாதி கொறைஞ்சிருச்சாம். "என் மருமக பொறந்த வீட்டுச் சீரு"ன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டுறாகளாம். எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

அப்புறம் அவ கேட்டா: தெருவுல இன்னும் ரெண்டு மூணு பேருக்கு முட்டி வலியாம், அண்ணன்கிட்ட இதே மாதிரி வேற மெஷின் இருக்கான்னு.

நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள, பக்கத்துல காதைத் தீட்டிக்கிட்டு நின்ன செல்வி போனைப் புடுங்கி, "மூணு இருக்கு, எப்ப வண்டி அனுப்புறே?"ன்னுட்டா.