மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சாயம் போட்டவர்

மேற்குத் தொடர்ச்சி மலையைக் காலையில் பச்சையாக்கி, சற்று நேரத்தில் பழுப்பாக்கி, டீ வருவதற்குள் சாம்பலாக்கிவிடும் வல்லமை படைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் பல்லடம் பக்கம் அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கே டெஸ்பாட்ச், சரக்கு அனுப்பும் வேலை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ரேடார் அண்ணன்.

ஷேடு பார்ப்பது என்றால், துணி வாங்கும் பையர் அனுப்பிய துண்டுத் துணியின் நிறமும் நாங்கள் சாயம் போட்ட துணியின் நிறமும் ஒன்றுதானா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துத் தீர்ப்புச் சொல்வது. அண்ணன் கண்ணுக்கு எதுவுமே லேசில் ஒத்துப்போகாது. "நேத்தைக்கு இன்னும் கொஞ்சம் டார்க்கா இருந்துச்சே" என்று வீட்டில் சட்னித் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போவாராம். அவர் சம்சாரமே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்படிப்பட்டவர் கையில் மழை காட்டும் ரேடார் மென்பொருளைக் கொடுத்தது முதலாளி செய்த தப்பு. டிரையர் மிஷின் படுத்துவிட்டது. அதற்கு வேண்டிய பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை துணியை வெட்டவெளிக் களத்தில் கயிறு கட்டிக் காயப்போடுவதைத் தவிர வழியில்லை. "மழை வந்தா முன்னாடியே சொல்லீருங்க. இனி அது உங்க பொறுப்பு" என்று லேப் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிக் கொடுத்தார் முதலாளி. வரைபடத்தின் மேல் மழை நகரும். தூறலுக்கு இளநீலம், நல்ல மழைக்குப் பச்சை, கொட்டினால் மஞ்சள், சிவப்பு. வேறு யாராக இருந்தாலும் மழையைப் பார்ப்பார்கள். அண்ணன் மழைக்கு அடியில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இத்தனை ரோட்டுக் கோடு இருந்தா, சின்ன மழை அதுக்குள்ள போயி ஒளிஞ்சுக்காதுங்களா?"

ரோடுகளை எடுத்தார். ஆறுகளை எடுத்தார். நம்மூர்ப் பெயருக்கு அடியிலேயே மழை பதுங்கியிருந்தால் என்ன செய்வது என்று பயந்து ஊர்ப் பெயர்களையும் எடுத்தார். அதன்பிறகு எந்த மழை எந்த ஊரில் பெய்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை.

"அது பல்லடமுங்க."

"எனக்கென்னமோ பொள்ளாச்சியாட்டத் தெரியுதுங்கண்ணா."

"எதுக்கும் துணிய எடுத்துருவமுங்க!"

சோமனூரில் மச்சினன் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அட்சதை போட, இவர் ஒரு கையில் அட்சதையைப் பிடித்தபடியே மறு கையால், செல்போனிலும் ஏற்றி வைத்திருந்த அந்த வரைபடத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தார். அட்சதை கடைசியில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் விழுந்தது.

ஊர்ப் பெயர்களைக் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வைக்கச் செய்தேன். உடனே மலைகளிடம் போனார். காடு, மேடு, பள்ளம் எல்லாம் நிழலோடு தெரிகிற மாதிரி ஒரு பின்னணி அதில் இருந்தது. அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். மேற்கே பூராவும் பச்சை.

"அய்யய்யோ, கோயமுத்தூரையே முழுங்கீருச்சுங்கோ! எடுங்கோ, எடுங்கோ!"

களத்துப் பெண்கள், பீகார் பையன்கள், வாட்ச்மேன் வரை ஓடினோம். மண்டை வெடிக்கிற வெயிலில் ஈரத்துணியை அள்ளி உள்ளே குவித்தோம். "பாரிஷ் கிதர், பையா?" என்று ஒருவன் வானத்தைப் பார்த்து மழையைத் தேடினான். அண்ணன் மழை என்று நினைத்தது காட்டின் நிறம்.

முதலாளி கோபத்திலும் மரியாதை குறையாதவர். "இன்னொருக்கா வெயில்ல துணிய எடுக்கச் சொன்னீங்கன்னா, மறுநாள்ல இருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார். அண்ணனுக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. இன்னொரு பட்டறையில் யார் சேர்த்துக்கொள்வார்கள்? மகள் படித்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

அதன்பிறகு பச்சைக்குத் தடை. பழுப்பைப் போட்டால் சாயக் கழிவு ஞாபகம் வருகிறது என்றார். சாம்பலைப் போட்டால் மேகமாட்டம் இருக்குது என்றார். அப்போதுதான் அந்த லாட் வந்தது. குழந்தைகள் உடுப்புக்கான இளநீலத் துணி. ஒரு துளி பட்டாலும் திட்டாகிவிடும், பையர் வாங்க மாட்டான். இது போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளி எங்களைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்.

பையர் அந்த இளநீலத்தை முதல் தடவையிலேயே அப்ரூவ் செய்திருந்தான். அண்ணன் துணித்துண்டைக் கம்ப்யூட்டர் திரையில் ஒட்டவைத்துப் பார்த்துப் பார்த்து, வரைபடத்தின் தரை முழுவதையும் அதே நிறத்துக்குக் கொண்டுவந்தார். "அப்ரூவ் ஆன ஷேடுங்க தம்பி. இதுல கம்ப்ளைன்டே வராதுங்க" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாயப்பட்டறைப் புத்தி.

லாட் களத்தில் காய்ந்த அன்று திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முதலாளி நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். அண்ணன் மட்டும் தன் திரையையே நம்பாமல், கயிறுகளுக்கு நடுவில் உள்ளங்கையை விரித்தபடி நின்றார். சாப்பிடக் கூப்பிடப் போன என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மண்டையில ஒண்ணு உழுந்துச்சுங்க."

"காக்காயா இருக்குமுங்கண்ணா."

"காக்காயின்னா வெள்ளையா இருக்குமுங்க. இதுல கலரே இல்லீங்க."

"ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்லீங்களே?"

"அதுதானுங்க பயமா இருக்குது. உங்க மேல ஏதாச்சும் உழுந்துச்சுங்களா?"

கையை நீட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"இப்பக் கத்தி மழை வரலீன்னா, எனக்கு வேலை இல்லீங்க. கத்தாம மழை வந்துருச்சுன்னா, யாருக்குமே வேலை இல்லீங்க" என்றார். வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். சத்தம் வரவில்லை. நான் எத்தனையோ நாள் கேலி செய்த மனிதர்.

"மழை வருதுங்கோ! எல்லாரும் ஓடியாங்கோ!"

கத்தியது நான்தான்.

எல்லோரும் ஓடிவந்து துணியை இழுக்க ஆரம்பித்தார்கள். முதலாளி சோற்றுக் கையோடு வந்து நின்றார்.

"யாருங்க கத்துனது?"

"நானுங்க."

வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முருகா, ஒரே ஒரு தூறல் போடு என்று வேண்டிக்கொண்டேன். பாதிக் கயிறு காலியாகும்போது அவர் கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த நிமிடம் சோற்றுக் கையை மேலே தூக்கிக்கொண்டு, இடது கையாலேயே துணியை உருவிக்கொண்டு முதலாளியும் ஓடினார். கடைசிச் சுருள் உள்ளே போகவும் தகரக் கூரையில் படபடவென்று சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. லாட் தப்பித்தது.

லேப்பில் அண்ணன் தலையைக்கூடத் துவட்டாமல் தரையின் நிறத்தை வெள்ளைக்கு மாற்றினார். எங்கள் ஊர் மேல் பாய் விரித்த மாதிரி இளநீலத் தூறல் கிடந்தது. மேற்கேயிருந்து நகர்ந்து வந்தபோதெல்லாம் திரையில் தெரியாமலே இருந்திருக்கிறது. ஷேடு அத்தனை கச்சிதமாக ஒத்துப்போயிருந்தது.

மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"துளி உழுந்த எனக்கே சந்தேகமுங்க. நீங்க எப்படித் தம்பி அத்தனை தைரியமாக் கத்துனீங்க? உங்க மேல பலமா உழுந்துருச்சுங்களா?"

"ஆமாங்கண்ணா, சட்டையே நனைஞ்சுருச்சு" என்றேன்.

சுத்தப் பொய். கத்தும்போது என் மேல் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. கத்திவிட்டு ஒருவர் வேலையை விட்டுப் போக வேண்டும் என்றால், அது அவராக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.