கூட்டிப் போட்ட கோல்

கலியாணம் முடித்த நாளிலிருந்து மஸாஹிர் சேருக்கு ஒரே கொள்கை. விளக்குமாற்றைக் கையால் தொடமாட்டார். கற்பிட்டியில் ஓர் ஆம்பிளை முற்றம் கூட்டுவதை நாலு பேர் பார்த்தால் மானம் என்ன ஆவது?

இப்போது மானத்துக்கு வேறு பக்கத்தால் ஆபத்து. அவர் பழக்கும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் சனிக்கிழமை ஹொக்கிப் போட்டியில் ஒரு கோலாவது போடவேண்டும். இல்லாவிட்டால் இரவல் மட்டைகள் அத்தனையும் அடுத்த பாடசாலைக்குப் போய்விடும் என்று அதிபர் சொல்லிவிட்டார். பிள்ளைகளோ மட்டையைத் தோளுக்கு மேலே ஓங்கி, கண்ணை மூடிக்கொண்டு விளாசினார்கள். பந்து நின்ற இடத்திலேயே நின்றது. புழுதி மட்டும் கோலுக்குள் போனது.

வெள்ளி பின்னேரம், வீட்டு முற்றத்தில் கடைசிப் பயிற்சி. "அடிங்க புள்ளைகள், அடிங்க!" என்று கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெங்காயம் காயப்போட முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மனைவி ஷிம்லா நிமிர்ந்தாள்.

"ஏன் அடிக்கச் சொல்றீங்க? தள்ளச் சொல்லுங்களேன்."

"உனக்கு ஹொக்கியப் பத்தி என்ன தெரியும்?"

"கூட்டத் தெரியும்."

விளக்குமாற்றை இரு கையாலும் அகலப் பிடித்தாள். முழங்காலை மடித்துப் பந்தைத் தள்ளினாள். அது இரண்டு வெங்காய மூட்டைகளுக்கு நடுவால் நேரே போனது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஒருத்தருக்கும் சொல்லிராத," என்றார் மஸாஹிர் மெல்ல.

"நான் ஏன் சொல்றன்? உங்கட யோசனை எண்டே சொல்லுங்க. ஒவ்வொரு நாளும் முற்றம் கூட்டித்தான் பழகினன் எண்டு சொன்னா நம்புவாங்க."

இவ்வளவு தங்கமான பொஞ்சாதியா என்று அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

சனிக்கிழமை. கடைசி நிமிடம் வரை கோல் இல்லை. அதிபர் மட்டைகளைக் கட்டக் கயிறு எடுத்துவிட்டார். பந்து ஐந்தாம் தரத்து ஸுலைஹாவிடம் வந்தது. அவள் மட்டையை ஓங்கவில்லை. முழங்காலை மடித்தாள். தள்ளினாள். கோல் காத்த பிள்ளையின் காலுக்கும் கம்பத்துக்கும் நடுவால் பந்து உருண்டு உள்ளே போனது.

"அல்லாஹு அக்பர்!" என்று மைதானமே எழும்பியது.

"எப்படி சேர் பழக்கினீங்க?" என்று பெற்றோர் சூழ்ந்தார்கள்.

சந்தோஷத்தில் அவருக்குக் கொள்கை மறந்துபோனது. "ஒவ்வொரு நாள் காலையிலயும் நானே முற்றம் கூட்டிப் பழகுறன். அதுதான் ரகசியம்."

"ஓம், ஒரு நாளும் தவறவிடமாட்டாரு," என்றாள் பின்னாலிருந்து ஷிம்லா. "நாளைக்குக் காலையில எல்லாரும் வந்து பாருங்களேன்."

ஞாயிறு காலை வேலியோரம் முழுக்கச் சனம். ஷிம்லா கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்தாள். மஸாஹிர் குனிந்த தலை நிமிராமல் கூட்டினார்.

"சேர், முழங்கால் மடியல்ல," என்றாள் ஸுலைஹா. "அந்த மூலையத் திரும்பக் கூட்டுங்க!"