சிறுத்தைக்கு முதுகு காட்டி நின்றவள்

அன்புள்ள வரத் அண்ணாவுக்கு,

யதுகிரி அநேக நமஸ்காரம். மன்னிக்கும் அதே நமஸ்காரம். மைசூரில் நாங்கள் சௌக்கியம் என்று எழுத வேண்டும். இன்று மத்தியானம் வரை அது உண்மையாகவும் இருந்தது. போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய் என்பதால் மெயிலில் எழுதுகிறேன். உன் சிநேகிதர் கம்பெனியில் என் பெண் மானஸாவுக்கு ஒரு இடம் இருக்கிறது என்றாயே, அதைக் கைவிட்டுவிடாதே. அவளுக்கு நீ கேமரா வாங்கிக் கொடுத்த பலனை நீயேதான் சரிசெய்ய வேண்டும்.

பத்திரிகைக்குப் படம் எடுப்பவள் ஆகப் போகிறாளாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் முதலில் படம் என்கிறாள். விடுமுறை எப்போது என்றால், ஊரில் ஒன்றும் நடக்காத அன்றைக்கு என்கிறாள். ஒரு பத்திரிகையின் படப் பிரிவை நடத்தும் காளிதாஸ் என்பவர், "ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு வா, படம் தேறினால் வேலை" என்று சொல்லியிருந்தார். ஏதோ மலர்க் கண்காட்சிக்குப் போவாள் என்று நினைத்தேன். இன்று சாப்பிட்டு எழுந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது. ரிங் ரோடுக்கு அப்பால் பாதி கட்டிய வீட்டுக்குள் சிறுத்தை புகுந்துவிட்டதாம். ஏழு மணிக்குள் படம் வேண்டுமாம். இவள் வண்டி மெக்கானிக்கிடம் இருக்கிறது, ஆட்டோவில் போகிறேன் என்றாள். சிறுத்தை இருக்கும் இடத்துக்குப் பெண்ணை ஆட்டோவில் அனுப்புகிற தாய் நான் இல்லை. என் ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டேன்.

அங்கே பாதி மைசூர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. மாடியில் ஒரு பலகைக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்தது. அத்தனை பேரும் வாலைப் பார்க்க, மானஸா ஒருத்திதான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் படம் எடுத்தாள். என் பக்கத்தில் ராணி என்று ஒருத்தி. தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவள். "ஏனுங்கக்கா, அது உங்க புள்ளைங்களா? சிறுத்தை அங்க இருக்குது, இது எங்களப் புடிக்குதே! கண்ணு கிண்ணு சரியாத் தெரியுமுங்களா?" என்றாள். அதையே நான் மானஸாவிடம் கேட்டேன்.

"சிறுத்தையை எல்லாரும் எடுத்துண்டிருக்காம்மா. அதைப் பாக்கற மூஞ்சியை யாரும் எடுக்கலை. நீ சும்மா நிக்காதே, இவா பேரையெல்லாம் எழுதிக்கோ. பேர் தப்பானா படமே தப்பு."

முன்பின் தெரியாதவர்களிடம் நான் மணிகூடக் கேட்பதில்லை என்று உனக்குத் தெரியும். பொருளாதாரப் பேராசிரியையான நான், மணல் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து உங்கள் பேர் என்ன, உங்கள் பேர் என்ன என்று கேட்டேன். வலையோடு நின்ற வனக் காவலரிடமும் கேட்டேன். "மேடம், ஹிந்தெ ஹோகி! பேரு ஆமேலெ!" என்று கத்தினார். பின்னால் போக வேண்டுமாம், பெயர் அப்புறமாம். எடுத்த வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. இன்னும் ஓர் அடி முன்னே வைத்தேன். அப்போதுதான் பலகை விழுந்தது, சிறுத்தை நேராக எங்கள் பக்கம் குதித்தது. நான் பதறவில்லை. அதை நீ தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ராணிதான் தேவையில்லாமல் என்னை இடுப்போடு பிடித்துச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் இழுத்துப் போட்டாள். நான் நின்ற இடத்தில் என் செருப்பு ஒன்று கிடந்தது. அதைத் தாண்டித்தான் சிறுத்தை ஓடியது. அடுத்த மனையில் மயக்க ஊசி போட்டு வலையில் பிடித்தார்கள். யாருக்கும் காயமில்லை.

"பெத்தவளை அது அடிக்க வரது, நீ என்னடி பண்ணிண்டிருந்தே?"

"எடுத்துண்டிருந்தேன்."

சொல்லிக்கொண்டே படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பெற்றவளைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பார்த்தாளே, அதுதான் அண்ணா எனக்குப் பயமாக இருக்கிறது.

படத்தைப் பார்த்தேன். புடவை முழங்காலில், கொண்டை தோளில், வாய் திறந்தபடி நான். ஆத்துக் கல்யாணப் படத்திலேயே தூண் மறைவில் நிற்கிறவள். "ராணியையும் என்னையும் ஒழுங்கா நிக்க வெச்சு இன்னொண்ணு எடு" என்றேன்.

"நடக்காததை எடுக்க மாட்டேன்."

"அப்போ இதை அனுப்பாதே."

கேமராவை மூடிப் பையில் வைத்தாள். "சரிம்மா. உனக்கு வேண்டாம்னா அனுப்பலை. ஆனா அவருக்குக் காட்ட எங்கிட்ட வேற படம் இல்லை" என்றாள். கத்தியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். கத்தவில்லை. இப்போது பக்கத்து அறையில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தட்டுகிற சத்தமே இல்லை. ஏழு மணி நெருங்குகிறது. நான் வேண்டாம் என்றது வேண்டாம்தான். ஆகவே அந்தக் கம்பெனி இடத்தைப் பிடித்து வை.

மேலுகோட்டைப் பெருமாள் உங்கள் எல்லோரையும் சிறுத்தை வராத தெருவில் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் தங்கை,
யதுகிரி

பி.கு.: இதை அனுப்பப் போனபோது மானஸா லேப்டாப்போடு வந்தாள். "அனுப்பலேன்னாலும் எழுதிப் பாத்தேன், பேரெல்லாம் சரியான்னு பாரு" என்றாள். படத்துக்குக் கீழே, வனக் காவலரிடம் அமைதியாகப் பெயர் கேட்டுக்கொண்டிருந்த பேராசிரியையை ராணி இழுத்துக் காப்பாற்றுகிறார் என்று எழுதியிருந்தது. என் மானத்துக்காக எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த நொடியில் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "'அலறிய'ன்னு போடுடி. ராணி பேரு முதல்ல வரட்டும். காவலர் பேரு பசவராஜ், அப்பறமாக் கேட்டு வாங்கிட்டேன்" என்றேன். "அப்போ அனுப்பவாம்மா?" என்றாள். நடக்காததை எழுதியிருந்ததைத் திருத்திக் கொடுத்த பிறகு, நடந்ததைக் காட்டும் படத்தை அனுப்பாமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விட்டது. உன் சிநேகிதரிடம் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல். நாளைக்குப் படம் வந்ததும் உனக்கு அனுப்புவாள். மன்னியிடம் காட்டுவதற்கு முன்னால், நான் பதறவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேனே, அந்த வரியை முதலில் படித்துக் காட்டு.