மாமனாருக்குச் சிவப்பு அட்டை

சந்தேகம் ஒரு வியாதி என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அப்படிச் சொல்வதில் அவர்களுக்கு என்ன ஆதாயம் என்றுதான் முதலில் யோசிப்பேன். (என் வண்டவாளம் இந்த இரண்டு வரியிலேயே தெரிந்திருக்கும்.)

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. லைனில் வரும் ஒவ்வொரு பாகத்தையும் சந்தேகப்படத்தான் சம்பளமே. மேஜையில் 'மாஸ்டர் பீஸ்' என்று ஒரு மாதிரிப் பாகம் வைத்திருப்போம். வருகிற பாகம் அதோடு பொருந்தினால் பாஸ். பொருந்தாவிட்டால் சிவப்பு அட்டையைக் கட்டித் தள்ளி வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு அந்தப் பாகம் அழுதாலும் கேட்கமாட்டேன்.

எட்டு மணி நேரம் இப்படிப் பழகிவிட்டு வீட்டுக்கு வந்ததும் நிறுத்து என்றால் மனம் நிற்குமா? போதாக்குறைக்கு அதற்குத் தீனி போட இரண்டு பேர் இருந்தார்கள். காலையில் வானொலி அறிவியல் நிகழ்ச்சி. சாயங்காலம் டிவியில் தொழில்நுட்ப நிகழ்ச்சி. இரண்டின் பெயரையும் சொல்லமாட்டேன், ஏனென்றால் அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் ஒழுங்காகத்தான் சொன்னார்கள். கேட்டவன் நான்.

பால் கலப்படத்தைப் பற்றிச் சொன்ன வாரம், வீட்டு ஓனர் அம்மா அன்பாகக் கொடுத்த பாலில் அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தேன். (சுத்தமான பால். நான் சொட்டு விட்டதை அந்த அம்மா பார்த்துவிட்டதுதான் வினை. அதோடு பால் நின்றது.) சில டிவிகள் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கும் என்று சொன்ன வாரம், எங்கள் டிவிமேல் போர்வையைப் போட்டு மூடினேன்.

"யோவ், அப்ப உன் புரோகிராம எப்டி பாப்ப?" என்றாள் என் மனைவி செல்வி.

"காதால கேட்டுக்கலாம்" என்றேன். ஒரு வாரம் அப்படித்தான் கேட்டோம்.

அடுத்து வந்ததுதான் குரல் திருட்டு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு யாருடைய குரலையும் அச்சு அசலாகப் படியெடுத்து, சொந்தக்காரர் மாதிரியே போனில் பேசி ஏமாற்றுகிறார்களாம். வானொலியில் ஒரு பேராசிரியர் வந்து ஐந்து அறிகுறி சொன்னார். ஒன்று, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும். இரண்டு, 'என் போன் தொலைந்துபோச்சு' என்று காரணம் வரும். மூன்று, அவசரப்படுத்துவார்கள். நான்கு, 'வீட்டில் யாரிடமும் சொல்லாதே' என்பார்கள். ஐந்து, வீட்டு விவரம் ஏதாவது கேட்பார்கள். சந்தேகம் வந்தால் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த கேள்வி ஒன்றைக் கேளுங்கள் என்றார். இன்ஸ்பெக்‌ஷன் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு அத்தனையையும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இனி என் மாமனார் கதைக்கு வரவேண்டும். ஏழுமலை என்று பெயர். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர். நானும் செல்வியும் விரும்பினோம். ஒழுங்காகப் பெண் கேட்போம் என்று நான் தட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எங்களுடையது நேற்றுவரை கழனியில் கூலிவேலை செய்த குடும்பம். அவருக்கோ தண்ணீரில் இறங்கத் தெரியாதவன் மனிதனே இல்லை.

"மடவைக்கும் கெளுத்திக்கும் வித்யாசம் தெரியாத சோமாறிக்கு எம்பொண்ணு கேக்குதா?" என்றார். தட்டு பறந்துபோய், வாசலுக்கு எதிரே கட்டியிருந்த அவருடைய படகில் விழுந்தது. அப்புறம் இரண்டு நிமிடம் வாய் ஓயாமல் திட்டினார். மூச்சு விட்டதாகக்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மாமியார் மட்டும் ஒளித்து ஒளித்துப் போன் பேசுவார். செல்விக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அப்பா கையால் வளையல் போட்டுக்கொள்ளவேண்டும், அப்பா பிடித்த மடவை மீனில் குழம்பு சாப்பிடவேண்டும் என்று இரண்டே ஆசை அவளுக்கு. வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சந்தையில் நான் வாங்கிவரும் மடவையை மோந்து பார்த்துவிட்டு, "இது எங்க ஏரி மீனு இல்ல" என்று தள்ளி வைப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே என் கூட வேலை செய்யும் நெல்சன். போன் அடித்தது. தெரியாத எண்.

"மாப்ளே... நல்லா கீறியா? நாந்தான், செல்வி நைனா பேசறேன்."

வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. என்னை அவர் மாப்பிள்ளை என்கிறார்! அதுவும் நல்லா கீறியா என்று விசாரிக்கிறார்! மயிர்க்கூச்செறிந்தது. சந்தோஷத்தில் இல்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"இது யார் நம்பரு?"

"ஆட்டோக்காரரு போன் பா. எம்போனு ஏரில உயுந்துடுச்சி."

ஒன்று, டிக். இரண்டு, டிக்.

"நான் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டாண்ட நிக்கறேன். கொஞ்சம் சீக்கிரமா வா மாப்ளே, ஐஸு கரைஞ்சிக்கினே கீது. உங்க ஊடு எங்க கீது? செல்விக்கு சொல்லிடாத, திடீர்னு போய் நின்னு அது மூஞ்ச பாக்கணும் நானு."

மூன்று, நான்கு, ஐந்து. நெல்சன் என் தாளை எட்டிப் பார்த்து, "இன்னாடா, அஞ்சுக்கு அஞ்சா!" என்றான். எங்கள் லைனில் இரண்டு இடத்தில் தவறினாலே சிவப்பு அட்டை.

பேராசிரியர் சொன்ன கடைசிச் சோதனை மிச்சம் இருந்தது. "நான் மொத மொத உங்க ஊட்டுக்கு வந்தப்ப என்னை இன்னா சொன்னீங்க? அத்த சொல்லுங்க பாப்போம்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு மெதுவாக, "அத்த இன்னாத்துக்கு பா இப்ப கேக்குற?" என்றார்.

"பாத்தியா, தெர்ல!" என்றான் நெல்சன்.

இதோடு விட்டிருக்கலாம். விடுவேனா? அடுத்த சோதனை பேராசிரியர் சொன்னதில்லை, என் சொந்தக் கண்டுபிடிப்பு. மாமனாரின் குரலை நான் வாழ்நாளில் கேட்டதே இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடமும் திட்டு. அதுதான் என் மாஸ்டர் பீஸ். ஆகவே, "நீங்க நெஜமாவே மாமாவா இருந்தா என்னை ஒரு தபா திட்டுங்க" என்றேன்.

"மாட்டேன் பா. உன்னை இனிமே ஒரு வார்த்தை திட்டமாட்டேன்னு செல்வி அம்மாவாண்ட சத்தியம் பண்ணிக்கினு வந்துகீறேன்."

குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நானோ, அடடா, மெஷினுக்கு அழுகை எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறான்களே என்று வியந்தேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. எனக்கு வேகம் வந்துவிட்டது.

"டேய்! எந்த ஊர்ல குந்திக்கினு பேசற நீ? எம்மாமனாரு எனக்கு போன் பண்ணுவாரா? அந்தாளு ஒரு கல்லுடா! பெத்த பொண்ணு ஏழு மாசமா கீது, எட்டிப் பாக்காத கல்லு! நீ மெஷினு. வேற யார் குரலயாவது ரெடி பண்ணிக்கினு வா, போ!"

கட் செய்து, அந்த எண்ணையும் பிளாக் செய்தேன். கேன்டீனில் கைதட்டல். விஷயம் மேனேஜர் காதுக்குப் போய், மூன்று மணி மீட்டிங்கில் என்னை முன்னால் கூப்பிட்டு, மோசடியை எப்படிப் பிடித்தேன் என்று எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். தாளைத் தூக்கிக் காட்டி விளக்கினேன். அப்படி ஒரு பெருமை என் கல்யாணத்தன்றுகூட என் முகத்தில் இருந்ததில்லை என்று நெல்சன் பிற்பாடு சொன்னான்.

மூன்றரைக்குச் செல்வி போன் செய்தாள்.

"யோவ், அம்மா இப்பதான் போன் பண்ணுச்சி. நைனா காலைலயே வளையல எடுத்துக்கினு, ஐஸ் பெட்டில மீனு எடுத்துக்கினு கெளம்பிடுச்சாம். அம்மா உன் நம்பரத்தான் சீட்ல எழுதி குடுத்துச்சாம். உனக்கு போன் வந்துச்சா?"

என் உடம்பில் இருந்த ரத்தம் எல்லாம் பாதத்துக்கு இறங்கிவிட்டது. அப்போதும் பாருங்கள், பழக்கதோஷம், "நீ செல்விதானா?" என்று கேட்டேன்.

அதற்குச் செல்வி சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது. குரல் பொருந்தியது.

நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "ரெண்டு வருஷம் கழிச்சி வந்துச்சிய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். அந்த அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கேட் பாஸை வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரம், வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியின் மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. மடியில் வளையல் பை. பெட்டிக்குக் கீழிருந்து தண்ணீர் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரமாக அங்கேதான் இருந்திருக்கிறார். அன்றைக்குத் தான் செய்ததற்கு நான் இன்றைக்குப் பழி வாங்குகிறேன், அது நியாயம்தான், கோபம் தீர்ந்தால் வருவேன் என்று நினைத்து உட்கார்ந்திருந்தாராம். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

"மாமா" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "யாரு?"

"நாந்தான் மாமா, மாப்ள."

"அப்டியா? குரல மட்டுமில்ல, மூஞ்சக்கூட மாத்திக்கினு வராங்களாமே இப்பல்லாம்? டீக்கட டிவில காட்டுனான்." கடைக்காரர் தலையாட்டினார். (என் நிகழ்ச்சியேதான். மறு ஒளிபரப்பு.) "நீ நெஜமாவே மாப்ளைன்னா, அன்னிக்கி எடுத்தாந்த தட்டுல இன்னா இன்னா இருந்துச்சி, சொல்லு."

டீ குடிக்க வந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். "வெத்தல பாக்கு, பூவு, ஒரு சீப்பு வாயப்பயம், ஆப்பிளு நாலு, சாத்துக்குடி..."

"ஒண்ணு உட்டுட்ட."

யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"கல்கண்டு" என்றார். "பொட்டலம் பிரிஞ்சி படகு பூரா கொட்டிக் கெடந்துச்சி. எறும்பு வந்து மொய்ச்சிச்சி. நான் கழுவி உடவே இல்ல. தெனம் அத்தப் பாத்துக்கினுதான் வலை போடப் போனேன்." தலையைக் குனிந்துகொண்டார். "நான் கல்லா, மாப்ளே?"

"தப்பா பேசிட்டேன், மன்னிச்சிடுங்க மாமா" என்று அத்தனை பேர் நடுவில் காலில் விழுந்தேன். அவர் தூக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நானே எழுந்து, பெட்டியைத் தூக்கி பைக்கின் பின்னால் கட்ட ஆரம்பித்தேன். பெட்டி சரிந்தது.

"டேய் பேமானி!" என்று ஒரு சத்தம். பஸ் ஸ்டாண்டே திரும்பியது. "பெட்டிய இப்டியாடா கட்டுவ? அறிவு கீதா உனக்கு? ஒரு முடிச்சு போடத் தெர்ல, கொழந்த பொறந்தா தூளிய எப்டிடா கட்டுவ, சோமாறி!"

அப்பாடா! அதே சுருதி, அதே வேகம். மாஸ்டர் பீஸோடு நூறு சதவீதம் பொருத்தம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சத்தியத்தை மீறிவிட்டோமே என்று அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டில் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் வளையலைப் போட்டுவிட்டார், அவள் கையை நீட்டிக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான். பிறகு பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு மடவையாக எடுத்துச் செவுளைப் பிரித்துப் பார்த்து, "ஆவாது, ஆவாது" என்று ஒதுக்கினார். அத்தனையும் ரிஜெக்ட். என்னைவிடக் கறாரான ஆய்வாளர். அடியில் மிச்சமிருந்த ஐஸில் இறால் மட்டும் தேறியது. செல்வி அதைச் சாப்பிட்டாள். மடவைக் குழம்பு தவறிய குற்றம் இன்றுவரை என் தலையில்தான் இருக்கிறது. எங்கள் பெண் சாப்பிட அடம் பிடித்தால்கூட, "வவுத்துல இருக்கசொல்ல மடவை துண்ணாத கொழந்த, அப்டித்தான் இருக்கும்" என்று செல்வி என்னைத்தான் பார்ப்பாள்.

அன்று முதல் மாமனார் எனக்குப் போன் செய்தால் முதல் வார்த்தை திட்டுதான். "டேய் சோமாறி, நாந்தான்" என்பார். மாமியாரே சத்தியத்தைத் தளர்த்திவிட்டார். குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள் என்று பேராசிரியர் சொன்னாரே, எங்கள் குடும்பத்துக்கு அந்தத் திட்டுதான். என் நாலு வயது மகள்கூடப் போனைப் பிடுங்கி, "மொதல்ல திட்டு தாத்தா, அப்பதான் அப்பா நம்பும்" என்பாள்.

போன மாதம் ஒரு நாள் காலை அவருடைய எண்ணிலிருந்தே அழைப்பு. "மாப்ளே... நல்லா கீறியா? ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன்" என்றார்.

திட்டவில்லை. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த பாகத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். பழவேற்காட்டில் வீட்டு வாசலில், படகில் வழுக்கி விழுந்து வீங்கிய காலோடு, யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, "நான்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேனே, எப்டி கண்டுபுடிச்ச?" என்று கேட்டார்.

"நீங்க திட்டல மாமா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "அத்தக் கண்டுபுடிச்சிக்கினு வந்து சேர்றதுக்கு ஒன்ற மணி நேரமா, பேமானி?" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்து செல்விக்குப் போன் போட்டு, "பயப்படாத, உங்க நைனா நல்லாத்தான் கீறாரு, திட்டிட்டாரு" என்றேன்.